கேட்டதும் கேளாததும்

பிசினஸ் அனலிஸ்ட் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் ஒரே ஒரு சொல்லைத்தான் பலகையில் எழுதுவேன்: ஏலம். எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய்ச் செடிக்கும் அதுதான் பெயர், விற்பனைக்கும் அதுதான் பெயர். "ஏலம் எப்படிப் போகுது?" என்று கேட்டால் தோட்டக்காரர் காய்ப்பைச் சொல்வார், வியாபாரி விலையைச் சொல்வார். கேட்டவர் மனதில் எது இருந்தது என்று விசாரிக்காமல் 'ஏலத் தேதி' என்று ஒரு கட்டம் போட்டால், ஆளுக்கொரு தேதி எழுதிவிட்டுப் போவார்கள்.

மென்பொருள் செய்யுமுன் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, எழுதி, படமாக வரைந்து, அவர்களிடமே காட்டிச் சரிபார்ப்பது எங்கள் தொழில். 2003இல் கனடாவில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.பி.ஏ. என்ற அமைப்பு இதற்கென ஒரு கையேடே வைத்திருக்கிறது. பேட்டி, நேரில் கவனித்தல், ஆவணங்களை ஆராய்தல் என்று வழிமுறைகள் அதில் உண்டு. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அருணந்தி சிவாச்சாரியார் நினைவு வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அறிவதற்கான அளவைகளைப் பேசுகிறது. அவற்றில் தலையானவை மூன்று: காட்சி, கருதல், உரை. கண்டறிவது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது.

இன்னொருவருடைய தேவையை நாம் அறிய முடியுமா? இருபது வருஷமாக என்னை விடாத கேள்வி இது. ஒருவர் வாய்விட்டுக் கேட்பதும் அவருடைய தேவையும் ஒன்றுதானா? வாயே திறக்காதவருடைய தேவையை யார் எழுதுவது?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்கணக்கு மென்பொருள் செய்தோம். நாள்கூலி, குறித்த எடைக்கு மேல் காய் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல். சாயங்காலம் ஒரே தடவை எடை போடுவார்கள், கங்காணி நோட்டில் எழுதுவார். "கூடை நிறைய நிறைய அங்கங்கேயே எடை போடணும், ஆளுக்கு ஒரு அட்டை" என்றார் தோட்ட முதலாளி. இரண்டு நாள் ஆபீசில் உட்கார்ந்து பேட்டி எடுத்தேன், படம் வரைந்தேன், கையெழுத்து வாங்கினேன். செடிக்குக் கீழே ஒரு நாளும் போய் உட்காரவில்லை. என் அம்மா அதே மலைக்கு விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் போனவர். அதனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்றே நம்பினேன்.

தெரியாதது இதுதான். ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் மண்ணை ஒட்டிப் படர்ந்து கிடக்கும். ஈரத்தில் குந்தியபடி நகர்ந்து, இலைச்சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொடக் கூடாது, அது அடுத்த சுற்றுக்கு. வெளித்தோல் இரண்டுக்கும் பச்சைதான், உள்ளே விதை கறுத்துவிட்டதா என்பது விரலுக்குத்தான் தெரியும். வயதான பெண்களுக்கு அந்த விரல் உண்டு, முழங்கால் இல்லை. சாயங்காலம் எடைக்கு முன், எடுத்த காயைப் பைகளில் கொட்டும் நேரத்தில், பக்கத்துப் பெண்கள் அந்த வயதானவர்கள் பையில் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. கங்காணி பார்த்தும் பாராதிருப்பார்.

கூடைக்குக் கூடை எடை வந்ததும் அள்ளிப்போட நேரமில்லாமல் போனது. யார் எவ்வளவு குறைவு என்று திரையில் வரிசையாக வந்தது. அடுத்த சுற்றில் மூன்று பேரை ஜீப்பில் ஏற்றவில்லை. நான் செய்த கணக்கில் ஒரு கிராம்கூடத் தவறில்லை. தவறு என்னிடம்தான் இருந்தது.

உரையை மட்டும் கேட்டேன், அதுவும் ஒருவருடைய உரையை. காட்சியை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று யோசித்தால் அருணந்தியாரின் சைவ சித்தாந்தம் ஆணவத்தைப் பற்றிச் சொல்வதுதான் விடையாகிறது. இருட்டில் நிற்பவருக்கு இருட்டு என்றாவது தெரியும், ஆணவம் மறைத்தவருக்கு மறைப்பு இருப்பதே தெரியாது. 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பு என்னை ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது.

திருக்குறளில் கேள்விக்கு ஓர் அதிகாரம் உண்டு. குறிப்பறிதல் என்ற தலைப்பிலோ இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவையில் நிற்பவருக்கும் காதலிப்பவருக்கும் ஒரே திறமை தேவை என்று வள்ளுவர் கண்டிருக்கிறார். சொல்லாததைப் புரிந்துகொள்ள கூர்மை மட்டும் போதாது, எதிரில் இருப்பவர்மேல் அன்பும் வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

எல்லாவற்றையும் கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியதும் இல்லை. 2007இல் போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் வந்தபோது கூவி விலை கேட்பது நின்றது. சாம்பிள் காயைத் தட்டில் வியாபாரிகளிடம் கொடுப்பது நிற்கவில்லை. எடையும் விலையும் திரைக்குப் போயின, மணமும் நிறமும் கையிலேயே தங்கின.

இப்போது ஒவ்வொரு குழுவையும் ஒரு நாள் மலைக்குக் கூட்டிப்போகிறேன். உச்சிவேளை வரை நோட்டை எடுக்கக் கூடாது, பெண்களோடு குந்திக் காய் எடுக்க வேண்டும். போன தடவை எடை நேரத்தில், ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு ஒரு கை காய் போனதை ஒரு மாணவி பார்த்துவிட்டாள். கையில் பேனா இருந்தது, எழுதவில்லை. திரும்பி வரும்போது போடிமெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"சார், அதையும் எழுதணுமா?"

"என்கிட்ட ஏம்மா கேக்குற? நாளைக்குத் திரும்ப வந்து அந்த அம்மாகிட்டயே கேளு" என்றேன்.

தமிழில் வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் கேள் என்ற ஒரே சொல்தான். மறுநாள் விடிகாலை அவள் தனியாகவே ஜீப் ஏறினாள்.