தூதர் காணாத சமாதானம்



வேலித் தகராறினால் கூடப்பிறந்தவனோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் இதைச் சற்றே கேளுங்கள்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், பீகிள் கால்வாயின் கீழ்வாயிலிலே, பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என மூன்று சிறு தீவுகள் உண்டு. இவற்றுக்காக அர்ஜென்டீனாவும் சிலியும் நெடுங்காலம் வழக்காடின. ஒரே வேதம், ஒரே பாஷை! 1977-ல் நடுவர்கள் தீவுகளைச் சிலிக்குத் தீர்த்தார்கள். அர்ஜென்டீனா அதைத் தள்ளிவிட்டது. 1978 டிசம்பரில், கர்த்தர் பிறந்த திருநாள் நெருங்குகையில், அதன் சேனைகள் யுத்தத்துக்கு ஆயத்தமாய் நின்றன.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கர்தினால் அந்தோனியோ சமோரேயைத் தூதனுப்பினார். வயது 73. அவர் பியூனஸ் அயர்ஸுக்கும் சந்தியாகோவுக்குமாக மாறி மாறிப் பறந்தார். ஒருவர் ஒப்புக்கொண்டதை மற்றவரிடம் கொண்டுபோய், மறுபடியும் திரும்பிவருவது லேசான வேலையா? 1979 ஜனவரி 8-ந் தேதி மோந்தேவிதேயோ நகரில் இரு நாடுகளும், ஆயுதம் எடுப்பதில்லை, பாப்பரசரே மத்தியஸ்தர் என்று கையொப்பமிட்டன.

ஆனாலும் பேச்சு இன்னும் ஆறு வருஷத்துக்குக் கிட்ட இழுத்தது. 1983 பெப்ருவரியில் சமோரே மரித்தார். உடன்படிக்கை வத்திக்கானில் கையொப்பமானது 1984 நவம்பர் 29-ல். தீவுகள் சிலிக்கே போயின. அர்ஜென்டீன ஜனங்களோ அதற்கு முன்பே வாக்கெடுப்பில் சம்மதம் சொல்லியிருந்தார்கள்.

அந்தீஸ் மலையில் இரு நாட்டாரும் கடந்துபோகும் கணவாய் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.