சம்மதமும் மறுப்பும்

சம்மதம் அளிப்பதற்குச் சிந்திக்கும் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலையே மீட்டுத் தர முனையும் சிகிச்சைக்கு நோயாளியிடம் சம்மதம் பெறுவது எங்ஙனம்?

ஐக்கிய அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு, 2007இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இவ்வினாவைக் கூர்மையாக்கிற்று. தாக்குதலொன்றில் மூளை சிதைந்த 38 வயதினர் ஒருவர், ஆறு ஆண்டுகளாக நினைவின் விளிம்பிலே கிடந்தார். விழிப்பைப் பேணும் தலமசு எனும் மூளைப்பகுதியின் இரு பக்கங்களிலும் மின்வாய்கள் பொருத்தப்பட்டன. அவர் பொருள்களின் பெயர்களைச் சொன்னார். குழாய்வழி உணவு பெற்றவர் மென்று விழுங்கினார். பயன் கருவியினாலேயே விளைந்ததா என்றறிய, ஆறு மாதங்கள் அக்கருவி மாறிமாறி இயக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் வந்தது. சம்மதம் அளித்தவர் அவரல்லர். அவர் சார்பில் பிறரே அளித்தனர்.

2023இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் பங்குபற்றிய ஐவரோ, மூளைக்காயத்தின் பின்னரும் தாமே முடிவெடுக்க வல்லவர்கள். எண்களையும் எழுத்துகளையும் மாறிமாறிக் கோட்டால் இணைக்கும் சோதனையில் அவர்தம் வேகம் சராசரியாக 32 வீதம் உயர்ந்தது. பின்னர் சிலரது கருவியை அவரறியாமல் நிறுத்திப் பார்க்கும் கட்டம் வந்தபோது, இருவர் இணங்க மறுத்தனர்.

அம்மறுப்பினால் அறிவியலுக்கு இழப்புண்டு என்பது மெய்யே. ஐவர் என்பதே சிறு தொகை. ஐயமறச் சோதியாத சிகிச்சை எத்தனையோ குடும்பங்களுக்குப் பொய்ந்நம்பிக்கையை விற்றுவிடக்கூடும். ஆயினும், அவ்விருவரின் விருப்பை ஆய்வாளர் மதித்தமையே முறை. மறுத்தது அவர்களா, கருவியா என வினவுவோரும் உளர். மூக்குக்கண்ணாடி அணிந்தவன் கண்டதைக் கண்ணாடி கண்டதென எவரும் கூறுவதில்லை.

இடர்ப்பாடு முதலாமவரிடத்திலேயே எஞ்சுகின்றது. பேச்சற்றிருந்தவருக்காகப் பிறர் தந்த சம்மதம், அவர் பேசத் தொடங்கிய பின்னும் செல்லுமா? செல்லாதென்றே கொள்ளல் வேண்டும். சில சொற்களே பேச வல்லவரிடமும், அச்சொற்களின் எல்லைக்குள் நின்று, கருவியை நிறுத்தலாமா என ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால், அச்சொல்லைச் சிகிச்சையின் பேறென மட்டும் ஆய்வேட்டிற் குறித்துவிட்டு ஆளியை அணைத்தல் தகாது.