வீணாக்கும் உரிமை

"இது வீணாப்போச்சுன்னா எவ்வளவுக்கா போவும்?"

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்வி இது. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரச் சோதனை மேசையில் நின்றபடி வேலை. என் மேசையில் ஈரமாகக் கிடந்த தாளைப் பார்த்தவள், என்ன படம் என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கெட்டுப்போனால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டாள்.

நான் பேச்சை மாற்றினேன். விலையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்த முழுத் தாளின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறி வாங்கலாம்.

பல வருடங்களாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். எல்லாம் கணினியில். தவறினால் ஒரு விசையைத் தட்டினால் போதும், தவறு நடந்த சுவடே இருக்காது. நாற்பதை நெருங்கும்போது நீர்வண்ணம் கற்கலாம் என்று தோன்றியது. அதில் நான் அறிந்ததெல்லாம் தலைகீழ். வெள்ளை நிறத்தைப் பிறகு தீட்டிக்கொள்ள முடியாது. வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள்தான். எங்கே கை வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். திரும்பி வருவது கடினம். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தபின் ஒரு படி மங்கிவிடும். ஐப்பசி மழையில் எங்கள் கடலோரக் காற்றில் தாள் காய்வதற்குள் பொறுமை போய்விடும். காயும் முன்னே தொட்டால் சேறு.

முதல் மாதம் அச்சுப்பிரதிகளின் பின்பக்கத்தில் பழகினேன். பிறகு கடைத்தெருவில் வாங்கிய மலிவான ஓவிய நோட்டில். தாள் சுருங்கியது, இரண்டாவது முறை தூரிகை பட்டதும் திரிதிரியாக உரிந்தது, நிறம் திட்டுத்திட்டாக இறங்கியது. என் கைதான் சரியில்லை என்று நம்பினேன். ஓவியத் தோழி ஒருத்தி 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் ஒன்றைக் கொடுத்தாள். அதே கை, அதே வண்ணம். நிறம் சமமாகப் பரவி அமைதியாக உட்கார்ந்தது. தேர்ந்தவரைவிடப் புதிதாய்க் கற்பவருக்குத்தான் நல்ல தாள் அதிகம் தேவை என்பது அன்றைக்குப் புரிந்தது. மட்டமான தாளில் தவறு யாருடையது என்றே தெரியாது. தெரியாத தவறைத் திருத்தவும் முடியாது.

ஆனால் நல்ல தாள்களை வாங்கி வைத்தபின் இன்னொரு சிக்கல் வந்தது. கை நகரவில்லை. தாளைக் காலாக மடித்துக் கிழித்தேன், பிறகு அதிலும் பாதி. தெரிந்த கோட்டை பென்சிலில் போட்டு, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் நிரப்பினேன். மூன்று மாதத்தில் ஒரு தாளும் கெடவில்லை. நீர்வண்ணமும் வரவில்லை. தண்ணீர் எவ்வளவு ஓடும், எங்கே நிற்கும் என்பது அதை ஓடவிட்டவளுக்குத்தான் தெரியும்.

என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய தாளைக் கெடுக்க எனக்கு ஏன் துணிவில்லை?

சிந்தாமல் சிதறாமல் இரு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, பழைய புடவை தொட்டிலுக்கு, தொட்டில் கிழிந்தால் கரித்துணிக்கு. இதைக் கேலி செய்ய மாட்டேன். அம்மாவும் பாட்டியும் அப்படி இருந்திராவிட்டால் மாதக் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் உலை கொதித்திருக்காது. ஆனால் அதே வீட்டில் இன்னொரு கணக்கும் ஓடியது. அண்ணனுக்குப் பொறியியலில் ஏழு அரியர். ஒவ்வொரு முறையும் அப்பா தேர்வுக் கட்டணம் கட்டினார். "பையன் தட்டுத்தடுமாறித்தான் மேல வருவான்" என்றார். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கட்டுமா என்று நான் கேட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அது வரலன்னா?" மகனின் தோல்வி முதலீட்டுப் பத்தியில் எழுதப்பட்டது. மகளின் தோல்வி நடக்கும் முன்பே செலவுப் பத்தியில் ஏறிவிட்டது. அண்ணன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் எல்லாத் தாள்களையும் எழுதித் தேறினான். விழுந்தவனை மறுபடி எழுப்பி நிறுத்தினால் அவன் கற்றுக்கொள்கிறான் என்பதற்கு அவனே சாட்சி.

புதிய ஊடகம் கற்பதைப் பற்றி நம் பக்கத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை ராஜா ரவிவர்மாவுடையது. 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். எண்ணெய் வண்ணம் அன்று இங்கே புதிது. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு அதைக் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். பிறகு அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்றுத்தரவில்லை. வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே இந்தக் கதையை நமக்குச் சொல்கிறார்கள். எனக்கு இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த இளைஞருக்கு அரண்மனையில் இடம் இருந்தது, அரசரின் ஆதரவு இருந்தது, பார்த்ததைத் தனியே செய்து பார்த்துக் கெடுக்க வண்ணமும் துணியும் வருடங்களும் இருந்தன.

அவருடைய தங்கை மங்களாபாயும் ஓவியர்தான். தம்பி ராஜராஜவர்மா அண்ணனோடு இந்தியா முழுக்கப் பயணம் செய்தார், கூடவே வரைந்தார், நாட்குறிப்பு எழுதினார். அந்தப் பயணங்களில் தங்கை இல்லை. ஒரே வீடு, ஒரே தூரிகை. யாருடைய பிழைகளுக்கு ஊர் ஊராக இடம் கிடைத்தது என்பதில்தான் வேறுபாடு.

பெண்களுக்குத் துணிவு குறைவு, அதனால் புதியதைத் தொடுவதில்லை என்பவர்களுக்குக் கோலத்தைக் காட்டுவேன். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் இருபத்தொரு புள்ளி வைத்து, கை தயங்காமல் சிக்குக் கோலம் போடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்துச் சரிசெய்யக்கூட நிற்பதில்லை. அந்தத் தேர்ச்சி எப்படி வந்தது? கோலத்தில் தவறுக்கு விலை இல்லை. இழை பிசகினால் கையால் தேய்த்துவிட்டு மறுபடி போடலாம். நாளை காலை எப்படியும் புதிய வாசல். ஆயிரம் முறை தவறவிட்டால் பெண் எதையும் கற்றுக்கொள்வாள் என்பதற்கு நம் தெருக்களே சான்று. ஆனால் நாம் கட்டணமின்றித் தவறலாம் என்று விட்டுவைத்த கலை, பொழுது சாய்வதற்குள் மிதிபட்டு அழிவது, விலைக்குப் போகாதது, போட்டவள் பெயர் ஒட்டாதது. நிலைத்து நிற்கும் தாளுக்கும் துணிக்கும் வரும்போது மட்டும் அவளிடம் கணக்குக் கேட்கிறோம்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல், பெண் எழுத வேண்டுமென்றால் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அந்த அறைக்குள் ஒரு குப்பைக்கூடையையும் நான் சேர்ப்பேன். அதில் கிடப்பதை யாரும் எண்ணக் கூடாது. நம்மில் பலருக்குப் பணமும் அறையும் ஓரளவு கிடைத்துவிட்டன. குப்பைக்கூடையை மட்டும் இன்னும் நாமே அம்மாவின் கண்ணால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் மாடி வீட்டுப் பெண் என்னைத் தடுக்கிறாள். அவள் வேலை செய்யும் இடத்திலும் ஒரு கூடை இருக்கிறது, சிவப்பு நிறத்தில். தேறாத பொருள்கள் அதில் விழும். ஷிப்ட் முடிவில் எண்ணுவார்கள். கணக்கு மிஞ்சினால் எல்லார் முன்னும் நிறுத்திக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பிறர் தவறைப் பொறுக்கி எடுப்பவளிடம் போய், வீணாக்குவது உன் உரிமை என்று நான் எப்படிச் சொல்வது? என் தாளும் எங்கோ விளைந்த பருத்திதான். கைநிறைய இருப்பவர்கள் கண்டபடி எறிவதும் வீணாக்குவதுதானே?

இரண்டும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். தேவைக்கு மேல் வாங்கி எறிபவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியவருவதில்லை. கற்பவள் கெடுத்த தாள் அவள் கைக்குள் போய்ச் சேர்கிறது. அடுத்த தாளில் அது இருக்கிறது. அதற்கு வீண் என்று பெயர் வைத்தவர்கள், அதே செலவை மகன்களுக்குச் செய்தபோது படிப்பு என்றார்கள். அவளுக்கு அந்த உரிமை இல்லை என்பது நான் அதைத் துறப்பதற்குக் காரணம் ஆகாது. நான் துறந்தால் சிவப்புக் கூடையின் கணக்கு குறையாது. ஆனால் என்னால் பங்கிட முடியும். பங்கிடாமல் அதை உரிமை என்று எழுதிக்கொண்டிருந்தால் அது வெறும் வசதி.

அடுத்த ஞாயிறு அவளைக் கூப்பிட்டு விலையைச் சொன்னேன். அவள் கண்ணை விரித்தாள். ஒரு தாளை எடுத்து, மடிக்காமல், கிழிக்காமல் முழுதாக அவள் முன் வைத்தேன். "கெடுக்கிறதுக்குத்தான் கொடுக்கிறேன்" என்றேன். வெகுநேரம் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தாள். பிறகு வலது கீழ் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு, ஒரு செம்பருத்தி வரைந்தாள்.

"மீதி எடம் உங்களுக்கு ஆவும்க்கா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த மீதி இடத்தில் நான் வரையவில்லை. தாள் அவள் பெயரெழுதி என் மேசையில் இருக்கிறது. இதுவரை மூன்று ஞாயிறுகள் வந்திருக்கிறாள். இப்போது செம்பருத்தி உள்ளங்கை அளவு ஆகியிருக்கிறது. போன வாரம் சிவப்பு ஓடி இலைக்குள் கலந்துவிட்டது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.