நல்ல கணவனின் மனைவி

குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்தும், சீதனக் காணியை ஈடுவைத்துத் தொலைத்த கணவனிடமிருந்தும் விடுபட விரும்பும் பெண்ணுக்காகப் பழமைவாதிகளுங்கூட ஓரளவு இரங்குவர். ஆனால், கணவன் நல்லவன், மனைவிபால் அன்புடையவன், எனினும் அவள் விடுதலையை நாடுகிறாள் என்றால் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? நன்றியற்ற மனம் என்பதா, நியாயமான வேட்கை என்பதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலே வெவ்வேறு நாடுகளில் எழுந்த சில சிறுகதைகள் இவ்வினாவை நேர்முகமாக எழுப்பின. எமது இலக்கியமும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இவ்வினாவின் வாசல்வரை வந்து நின்றது.

திருகோணமலை தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தை விடு தூது’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். கிளியைத் தூதுவிடும் பழைய வடிவத்தைப் பெண்ணின் விடுதலைக்குக் குரல்கொடுக்கும் கருவியாக்கிக்கொண்ட நூல் அது. மூன்றாண்டுகள் கழித்து, 1895இல், நாயக்கர் கால வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட ‘மோகனாங்கி’ நாவலை எழுதினார். உப்புவெளியிலிருந்து தமிழ் கற்பிக்கும் எம்போன்றோர்க்கு இது பெருமை தருவதே. எனினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. அக்காலச் சீர்திருத்த எழுத்துக்கள் பெண்ணுக்காகக் கேட்ட விடுதலை பெரும்பாலும் மணத்துக்கு முந்திய விடுதலையே: கல்வி பெறும் உரிமை, மனமொத்தவனைத் தெரிந்துகொள்ளும் உரிமை. மாலை மாற்றியதும் கதை முடிந்துவிடும். 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாள் ஓர் அரசையே திறம்பட ஆளுகிறாள், ஆயின் ஆணுடை தரித்துத்தான் ஆளுகிறாள். பெண்ணுடைக்கு மீண்டதும் மறுபடியும் மனைவியாகிவிடுகிறாள். மணவாழ்க்கையின் உள்ளே அவளுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை அன்றைய நாவல் கேட்கவில்லை.

அதனைக் கேட்டது சிறுகதை. அமெரிக்க எழுத்தாளர் கேற் ஷொப்பின் 1894இல் எழுதிய ‘ஒரு மணிநேரக் கதை’ அச்சிலே சில பக்கங்களுக்கு மேற்படாது. இதயநோயுள்ள மலாட் அம்மையாருக்கு, அவருடைய கணவர் இரயில் விபத்தில் இறந்துவிட்டார் என்னும் செய்தியைச் சகோதரி பக்குவமாகச் சொல்லுகிறாள். அம்மையார் கதறி அழுகிறார். அழுகை ஓய்ந்ததும் மாடியறைக்குத் தனியே சென்று, திறந்த யன்னலின் முன்னே அமர்கிறார். வெளியே இளவேனில், தெருவிலே பொருள் விற்பவன் ஒருவனின் கூவல். அப்போது அவர் தடுக்க முயன்றும் தடுக்கவியலாத ஓர் உணர்வு அவரைப் பற்றிக்கொள்கிறது. இனி வரும் ஆண்டுகள் தமக்கே உரியவை என்னும் மகிழ்ச்சி அது. சற்று நேரத்தில், விபத்து நடந்த இடத்துக்கே செல்லாத கணவர், கைப்பையும் குடையுமாக வீட்டினுள் நுழைகிறார். அம்மையார் அக்கணமே உயிர் துறக்கிறார். மகிழ்ச்சி மிகுதியால் இறந்தார் என வைத்தியர்கள் தீர்ப்புக் கூறுகின்றனர்.

மலாட் கொடியவரல்லர். மனைவியை அன்போடன்றி நோக்கியறியாதவர் என்று கதையே கூறுகிறது. இந்தப் படைப்பின் கூர்மை முழுவதும் இதிலேதான் தங்கியிருக்கிறது. கணவனைக் கொடுமைக்காரனாகத் தீட்டியிருந்தால் வாசகர் அவனைக் கண்டித்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போயிருப்பர். ஷொப்பினின் தந்தையார் 1855இல் இரயில் விபத்தொன்றில் மாண்டவர். கணவர் 1882இல் இறக்க, ஆறு பிள்ளைகளின் தாயான அவர் சில காலம் கணவரின் வியாபாரத்தைத் தாமே நடத்தினார். விதவையின் துயரத்தையும், அத்துயரத்தினிடையே எதிர்பாராது கைக்கு வரும் சுயாதீனத்தையும் அவர் நூல்களிலிருந்து கற்கவேண்டியிருக்கவில்லை.

உயர்தர வகுப்பிலே இக்கதையை நாம் சொன்னபோது, “அந்த மனிதர் என்ன பிழை செய்தார்?” என்று கேட்டவர்கள் மாணவியரே. (மாணவர்கள் வாய் திறக்கவில்லை, அவர்களுக்கு அது வினாவாகவே தோன்றவில்லைப் போலும்.) நியாயமான கேள்விதான். ஆனால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே இரக்கமுள்ள துரைமாரும் இருந்திருக்கலாம். அதனால் தொழிலாளருக்குச் சங்கம் வேண்டாததாகிவிட்டதா? எசமான் நல்லவன் என்பது எசமானத்துவத்துக்கு நியாயமாகாது. இதனைத் தொழிற்சாலை வாயிலில் உரத்துச் சொல்லும் முற்போக்காளராகிய நாம், வீட்டுப் படியேறும்போது செருப்போடு சேர்த்து இதனையும் கழற்றி வைத்துவிடுகிறோம்.

இவ்வொப்புமை முற்றும் பொருந்தாது என ஒருவர் மறுக்கலாம். தொழிலாளி துரையை நேசிப்பதில்லை. மனைவி கணவனை நேசிக்கிறாள். அன்புள்ள இடத்தில் விட்டுக்கொடுத்தல் இயல்பன்றோ என்பர். மெய்தான். இருவர் சேர்ந்து வாழ்வதென்றால் இருவர் விருப்பமும் இடைக்கிடை மோதவே செய்யும். யாராவது ஒருவர் இணங்கவேண்டும். ஆயின் இணங்கவேண்டியவர் யார் என்பது மணநாளன்றே, வாழ்நாள் முழுமைக்குமாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தால் அதனை விட்டுக்கொடுத்தல் என்று எப்படி அழைப்பது? மலாட் அம்மையார் துறக்க விரும்பியது கணவரின் அன்பையன்று. அவ்வன்போடு கூடவே வந்த, தம் விருப்பத்தை வளைக்கும் உரிமையைத்தான். 1892இல் வெளிவந்த சார்லற் பேர்க்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையிலும் கணவன் அக்கறையுள்ளவன், வைத்தியனுங்கூட. மனைவியின் நன்மைக்கென்றே அவளை எழுதவிடாது தடுத்து, யன்னற் கம்பிகளையுடைய அறையில் ஓய்வெடுக்கச் செய்கிறான். சிறுபிள்ளையை அழைப்பதுபோல அவளைச் செல்லமாக அழைக்கிறான். அவளுடைய அறிவு பேதலிக்கிறது.

ஆனால் மாடியறையும் ஓய்வும் வாய்த்த பெண்ணின் ஏக்கத்தோடு நின்றுவிட்டால் எமது பார்வை குறுகியதாகும். தாகூர் 1893இல் எழுதிய ‘தண்டனை’யை இவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். வங்கத்துக் கூலியாட்களான துக்கிராம், சிதாம் என்னும் சகோதரர் ஜமீன்தாரின் கச்சேரியிலே பகல் முழுதும் கூலியின்றி வேலை வாங்கப்பட்டுப் பசியோடு திரும்புகின்றனர். சோறு கேட்ட துக்கிராமுக்கு மனைவி கடுமொழி கூற, அவன் ஆத்திரத்தில் அவளை வெட்டிக் கொன்றுவிடுகிறான். தமையனைக் காக்கும்பொருட்டுச் சிதாம் தன் மனைவி சந்தராவே கொன்றாள் என்கிறான். மனைவி போனால் இன்னொருத்தி கிடைப்பாள், தமையன் கிடைப்பானா என்பது அவன் நியாயம். அவன் அவள்மேல் அன்பில்லாதவனல்லன்; அவள் தப்பிக்கொள்ள என்ன சொல்லவேண்டுமென்றும் சொல்லிக்கொடுக்கிறான். அவள் அதைச் சொல்லவில்லை. தானே கொன்றதாக நீதிமன்றத்தில் அசையாது நிற்கிறாள். சகோதரர் பிற்பாடு சொன்ன உண்மை எடுபடவில்லை. தூக்கிலேறுமுன் தாயைப் பார்க்கவேண்டும் என்கிறாள். கணவன் காண விரும்புகிறான் என்றபோது ஒரே சொல்லில் வெறுத்து ஒதுக்குகிறாள்.

இங்கே ஏங்கல்ஸை நினையாதிருக்க முடியாது. குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி 1884இல் அவர் எழுதிய நூல் பெண்ணடிமைத்தனத்தின் வேரைத் தனியுடைமையிலே காட்டியது. அது பேருண்மை. ஆயினும் எம் தோழர் பலர் அதனைச் சுருக்கி, சொத்துடைமை ஒழிந்த மறுநாளே பெண் விடுதலை தானாக வந்துவிடும் என்று சொல்லிவருகின்றனர். சிதாமின் குடிசையில் சொத்து ஏது? சொத்தில்லாத அவ்வீட்டிலே ஈடுவைக்கக்கூடிய ஒரே பொருளாக மனைவி இருந்தாள். ஜமீன்தார் சிதாமின் உழைப்பை எவ்வாறு கேட்காமல் எடுத்தானோ அவ்வாறே சிதாம் சந்தராவின் உயிரை எடுத்தான். ஜமீன்தாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் சந்தராவின் வழக்குத் தீர்ந்துவிடாது. சிறுகதை என்னும் சிறிய வடிவம் இதனை எமது கொள்கை விளக்கங்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது என்றே கருதுகிறோம்.

இக்கதைகள் கற்பனையில் தோன்றியவை அல்ல. சிறுபிள்ளையாயிருந்தபோது மணம் முடித்து வைக்கப்பட்ட ருக்மாபாய் கணவனோடு வாழ மறுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் 1887இல், அவனிடம் செல்லவேண்டும், இன்றேல் ஆறுமாதம் சிறை என்றது. சிறைக்கே செல்வேன் என்றார் அவர். மறு ஆண்டு பணம் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. பின்னர் இலண்டனில் கற்று வைத்தியரானார்.

எமது நாட்டிலே யாழ்ப்பாணத் தமிழரைக் கட்டுப்படுத்தும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனைவி தன் சொந்தக் காணியை விற்பதற்கு இன்றும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் மறுத்தால் நீதிமன்றம் ஏறலாம். தன் காணியை விற்கும் கணவனுக்கு மனைவியின் கையொப்பம் தேவையில்லை. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல முனைந்த தாய்மாரிடம் 2013 முதல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடையவள் செல்லவியலாதென விதிக்கப்பட்டது. அதே வயதுப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கட்டாருக்கும் சவூதிக்கும் விமானமேறிய தந்தையரிடம் அவ்வறிக்கையை எவரும் கேட்கவில்லை.

நல்ல கணவன் மறுபேச்சின்றிக் கையொப்பமிட்டுக் கொடுப்பான் என்பதை நாம் மறுக்கவில்லை. அத்தகையோர் பலரை அறிவோம். அவர்களுடைய மனைவியரும் அக்கையொப்பத்தைக் கேட்டுத்தான் பெற்றனர்.