முருகன் வீட்டில் குடியிருந்தவர்கள்

சிங்கப்பூரில் தேக்காவின் சந்துகளில் பழைய கடைவீடுகள் பல இன்று தங்கும் விடுதிகள். வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே பெட்டியை இறக்கி வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளுக்குப் போய்விடும்.

செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த நகரத்தார் வட்டித் தொழில் செய்ததும் தங்கியதும் அந்தக் கிட்டங்கிகளில்தான். நீண்டு ஒடுங்கிய கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். ஒருவருக்கு உரியது ஒரு மரப்பெட்டியும் அதன் முன்னால் உட்காரும் இடமும் இரவில் விரிக்க ஒரு பாயும். சாப்பாடு பொதுச் சமையலில். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்த பிறகுதான் திரும்பும் கப்பல். முகப்பும் வளவும் தேக்குத் தூண்களுமாக நிமிர்ந்த வீட்டில் பிறந்தவரும் இங்கே ஒரு பாயளவு இடத்தில் வாழப் பழகினார். துறவிக்குச் சொல்லப்பட்ட பயிற்சி இது. இவர்களுக்கோ தொழிலோடு சேர்ந்து வந்தது.

இங்கே தமக்கென்று மாளிகை தேடாத அவர்கள் முருகனுக்கு வீடு கட்டினார்கள். டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. அதற்கு முன்பே அங்கே மரத்தடியில் வேல் ஒன்றை வைத்து வணங்கி வந்தார்களாம். வருமானத்தில் ஒரு பங்கை மகமையாகச் சாமி பெயரில் ஒதுக்கினார்கள். வட்டித் தொழில் செய்தவர்களிடம் என்ன ஆன்மிகம் என்று கேட்பவர்கள் உண்டு. நாள் முழுதும் பணத்தோடு புழங்குகிறவருக்குத்தான், இது தன்னுடையதல்ல என்ற நினைவு எல்லாரையும்விட அதிகம் வேண்டும் என்பேன்.

இதை நினைக்கும்போது இன்னொரு மரபும் நினைவுக்கு வருகிறது. இத்தாலியில் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு வகுத்த விதிகளில், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கே கடவுள் விருந்தாளி. நகரத்தாரின் வாழ்வில் நான் காண்பது வேறொரு நிலை: கடவுள் வீட்டுக்காரர், மனிதர்கள் விருந்தாளிகள். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது மனம் ஆழ்ந்து அமைதியாகிறது. யார் யாருக்கு இடம் கொடுக்கிறார் என்ற கணக்கே அப்போது எழுவதில்லை. அறைக்கு வாடகை கொடுத்துவிட்டேன், ஆகவே இது என்னுடையது என்ற பிடி தானாகவே தளர்கிறது. உடம்பைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் நமக்கு இருக்கும் பிடியும் அப்படித்தானே?

நகரம் மாறியபோது மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் இடிபட்டன. உயரமான அலுவலகக் கட்டடங்கள் வந்தன. டேங்க் ரோட்டுக் கோயிலோ அதே இடத்தில், 1983இல் புதுக் கட்டடத்தோடு குடமுழுக்குக் கண்டு, இன்றும் நிற்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் நடந்து காவடிகள் அங்கே வந்து சேர்கின்றன.

தேக்காவில் தங்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில், பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு, அந்த வழியை நடந்தே கடந்து கோயிலுக்குப் போய் வாருங்கள்.