யார் பிள்ளைக்கு?

குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோத்துவிடுவது நம் நாட்டு வழக்கம். தாய்க்கு அதில் ஒரு தைரியம்; செலவும் அதிகமில்லை. இன்று அந்தத் தைரியத்தைச் சில கம்பெனிகள் விலை பேசுகின்றன.

மணலூர்பேட்டையில் தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணை மணலில் காத்திருந்தபோது ஓர் அம்மாள் என்னைக் கேட்டாள்: "ஏன் தம்பி, மருமக மாசமா இருக்கா. கொடி ரத்தத்தை எடுத்து வச்சா, நாளைக்குப் புள்ளைக்கு ரத்தப் புத்துநோய் வந்தாக்கூட உதவுமாமே? பணம் கட்டாம விட்டா பாவமா?"

பாவம் என்ற சொல்லை அவள் நெஞ்சில் விதைத்தவன் பலே கெட்டிக்காரன்!

குழந்தைக்கே அந்த நோய் வந்தால் அதன் சொந்தக் கொடி ரத்தத்தை வைத்தியர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள். நோயின் வித்து அதிலேயே இருந்திருக்கக்கூடும். சொந்த உபயோகத்துக்கென்று பணம் கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பரிந்துரைக்கவில்லை. "பணம் கட்ட வேண்டாம் அம்மா. பிள்ளை நன்றாக மூச்சு விட்டால், கொடியை அறுக்க ஒரு நிமிஷம் பொறுக்கும்படி டாக்டரம்மாவிடம் கேளுங்கள்" என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் குழந்தைக்குள் இறங்கும் ரத்தம் பின்னால் வரும் சோகையைக் குறைக்கும்.

ஆனால் அதே கொடி ரத்தம் பிறருக்கு உதவும். 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற வைத்தியர், தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்தி ஒரு சிறுவனைப் பிழைக்க வைத்தார். பிறகு பொது வங்கிகள் தோன்றின. தாய்மார்கள் தானமாகக் கொடுப்பது முகமறியாத நோயாளிக்குப் போகிறது. தொல்லையெல்லாம் அளவில்தான். ஒரு கொடியில் கிடைப்பது ஏறக்குறைய அரை ஆழாக்கு. அதிலுள்ள குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், வளர்ந்த ஆளுக்குப் பல சமயம் போதுவதில்லை. புது ரத்தம் ஊறுவதற்குள் சாதாரணக் கிருமியே ஆளைக் கொண்டுபோய்விடும்.

நிகோடினமைடு என்ற வைட்டமினோடு சேர்த்து அவற்றை மூன்று வாரம்போல் வளர்த்துப் பெருக்கும் முறைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சோதனையில், வெள்ளணுக்கள் தலைகாட்ட 22 நாள் ஆன இடத்தில் 12 நாளே ஆயிற்று. கிருமிக்கு அஞ்சித் தனியறையில் கிடப்பவனுக்கு அந்தப் பத்து நாள் ஒரு ஜன்மம் அல்லவா?

விலை? ஒருவருக்கு 3,38,000 டாலர் என்று அறிவித்தார்கள். பெருக்கியவர்கள் உழைத்தார்கள், செலவழித்தார்கள், கூலி கேட்கட்டும். பயந்துபோய்த் தன் பிள்ளைக்கென்று பூட்டி வைக்கும் தாயைச் சுயநலக்காரி என்று ஏச எனக்கு மனம் வரவில்லை. காசு வாங்காமல் கொடுத்தாளே இன்னொருத்தி, அவளைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். அவள் தெருவிலேயே ஓர் ஏழை அந்த நோயோடு படுத்திருந்தால், அவள் கொடுத்தது அவனை எட்டாது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?