பத்திரிகை அடிக்காத பருவம்

சிவகாசி அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகைகளோடு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகைகளும் அச்சாகின்றன. விடுமுறை நாட்களில் அங்கே வேலை பார்த்த என் மாணவன் ஒருவன், பதின்பருவம் பற்றிய கட்டுரைப் பயிற்சியில் இப்படி எழுதியிருந்தான்: "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஊரைக் கூட்டிச் சொல்றாங்க. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நோய் வந்துடுச்சுன்னு ரெண்டு வருசம் பயந்துக்கிட்டே இருந்தேன்."

தூக்கத்தில் விந்து வெளியேறியதைத்தான் அவன் நோய் என்று நினைத்திருந்தான்.

சடங்கு வைப்பதால் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. தாய்மாமன் சீர், பந்தல், பிளெக்ஸ் என்று அவள் உடல் ஊருக்கு அறிவிக்கப்படுகிறது, அவளுக்கு விளக்கப்படுவதில்லை. பையனுக்கு அந்த அறிவிப்பும் இல்லை. அவளுக்குக் கூச்சம், அவனுக்குத் தனிமை. அறிவு இருவருக்குமே கிடைக்கவில்லை.

பேதை, பெதும்பை, மங்கை என்று பெண்ணின் பருவப் பெயர்களை ஒப்பிக்கும் நமக்கு ஆணின் பருவப் பெயர்கள் நினைவில் இல்லை. பன்னிரு பாட்டியல் அவற்றையும் சொல்கிறது: பதினான்கு வயதில் மறவோன், பதினைந்தில் திறலோன். இரண்டுமே வீரத்தின், வலிமையின் பெயர்கள். குழம்பி நிற்கும் பையனுக்கு அதில் ஒரு பெயரும் இல்லை. "ஆம்பளப் பிள்ள அழலாமா?" என்று இன்றும் கேட்கிறோம்.

நாம் விட்ட இடத்தில் வேறு யாராவது பேசிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் பேருந்து நிலையச் சுவரொட்டிகளும் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர்களும் பேசினார்கள். இப்போது செல்போன் பேசுகிறது. விந்து போனால் உயிர்ச்சக்தியே போய்விடும் என்ற பயம் இந்திய ஆண்களை எப்படி வாட்டுகிறது என்பதை மனநல மருத்துவர் என்.என். விக் 1960இலேயே ஒரு நோய்க்குறித் தொகுதியாகப் பதிவு செய்தார். அந்தப் பயத்தில் காசு பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியவை எளிமையானவை. பெரும்பாலும் 9 முதல் 14 வயதுக்குள் மாற்றம் தொடங்கும். முதலில் விதைகள் பெரிதாகும். மகரக்கட்டு உடையும். சில பையன்களுக்கு மார்பு சற்று வீங்கும். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். காரணமில்லாமல் கோபம் வரும், அழுகை வரும். இவை எதுவும் நோயல்ல, பாவமல்ல.

2022 மார்ச்சில் விருதுநகரில் ஓர் இளம்பெண் மீது நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் எட்டுப் பேர் கைதானார்கள். அதில் நான்கு பேர் பள்ளி மாணவர்கள். 'பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று அப்போது எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன். பிறகுதான் எனக்கொரு சந்தேகம் வந்தது: யாருக்காகச் சொல்லிக்கொடுக்கிறோம்? பெண்களைக் காப்பாற்ற மட்டுமா?

அப்படித் தொடங்கினால் பையனின் காதில் விழுவது, 'உன் உடல் நாளைய குற்றம்' என்பதுதான். தன் உடலை அறிவது அவனுடைய உரிமை. அவன் நல்லவனாக இருப்பதற்கு நாம் தரும் கூலி அல்ல. அறியாமையைக் குற்றத்துக்குச் சாக்காக்கவும் முடியாது. ஆசை எழுவது அவன் கையில் இல்லை. அதில் அவமானப்பட ஒன்றுமில்லை. அந்த ஆசையோடு இன்னொருவரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பது முழுக்க அவன் பொறுப்பு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் நாம் தர வேண்டிய பாடம். முதலாவதற்கே அவமானப்படுத்தப்பட்டவன் இரண்டாவதைக் காதுகொடுத்துக் கேட்கமாட்டான்.

இதையும் அம்மாக்களின் தலையில் கட்டக்கூடாது. விடிந்ததும் வேனேறிப் பட்டாசு ஆலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் பெண்ணிடம் இன்னொரு வேலையை எப்படிக் கொடுப்பது? பள்ளி பேச வேண்டும். அதைவிட முக்கியமாக அப்பா பேச வேண்டும். அதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. "எனக்கும் அந்த வயசுல பயமா இருந்துச்சுப்பா" என்று ஆரம்பித்தால் போதும்.